சத்தம் வரலேன்னு சாஃப்ட்வேரை அழிச்சுப் போடாத

மக்கா,

நீ அனுப்புன வாய்ஸ் மெசேஜ் கேட்டேன். நீ பாட்டுக்கு இசைக் குறிப்பு எழுதுற மியூஸ்ஸ்கோர் சாஃப்ட்வேர்ல நோட் போட்டா சத்தமே வரல, அழிச்சு அழிச்சு இன்ஸ்டால் பண்ணிப் பாத்தும் வரலன்னு ஒரே பொலம்பல். போன்ல சொன்னா நீ பாதியிலயே "சரிம்மா சரிம்மா"ன்னு வச்சிருவ, அதான் எழுதுறேன், லேப்டாப் பக்கத்துல இத தொறந்து வச்சுக்கோ.

மொதல்ல அந்த அழிக்கிற வேலைய விடு. செட்டிங்ஸ் எல்லாம் கம்ப்யூட்டர்ல வேற எடத்துல இருக்கு, சாஃப்ட்வேரை எடுத்தாலும் அது அங்கயே கெடக்கும், திரும்ப போட்டதும் அதே பழைய செட்டிங்ஸத்தான் எடுத்துக்கும். அப்போ பிரச்சனை எப்படி போகும் சொல்லு?

நீ ஒரு விஷயத்த சொல்லவே இல்ல. ஸ்பேஸ் பார தட்டுனா பாட்டு ஓடுதா? ஓடி, சத்தமும் நல்லா வந்து, நோட் போடும்போது மட்டும் ஊமையா இருந்தா அது ஒரு கேஸ். ஸ்பேஸ் பாருக்கும் சத்தம் இல்லேன்னா அது வேற கேஸ். இத பாக்காம எதத் தொட்டாலும் வீண் வேலைதான், கேட்டியா.

ப்ளே வருது, நோட் போட்டா மட்டும் வரலேன்னா எடிட் மெனுல ப்ரிஃபரன்சஸ் போய் நோட் இன்புட் பக்கத்த தொற. எடிட் பண்ணும்போது நோட்ட ப்ளே பண்ணவான்னு ஒரு டிக் இருக்கும், அது போயிருக்கும், அவ்ளோதான். நாலாவது வெர்ஷன்ல மேல ப்ளே பட்டன் பக்கத்துல பல்சக்கரம் மாதிரி ஒண்ணு இருக்குல்ல, அதுக்குள்ளயும் இதே ஆப்ஷன் இருக்கு, தாளம் தட்டுற மெட்ரோனோம தேடப் போய் கை பட்டு ஆஃப் ஆகிரும். டிக் இருந்தும் வரலேன்னா அதே பக்கத்துல எவ்ளோ நேரம் ஒலிக்கணும்னு ஒரு நம்பர் இருக்கும் பாரு, எங்கிட்ட 500 மில்லிசெகண்ட்னு இருக்கு, அதாவது அரை செகண்டுதான்.

இந்த அரை செகண்ட்லதான் உன் ப்ளூடூத் ஹெட்செட் மேல எனக்கு சந்தேகம். சத்தம் இல்லாம கொஞ்ச நேரம் இருந்தா சில ஹெட்செட் தூங்கிரும், நீ ஒரு நோட்ட தட்டுனதும் அது முழிச்சு எந்திரிக்கறதுக்குள்ள அந்த நோட்டு முடிஞ்சு போயிரும். பாட்ட ப்ளே பண்ணா மொத நோட்ட முழுங்கிட்டு மிச்சம் நல்லா கேக்கும், அதனால ஹெட்செட்டுல குறை இருக்குன்னே தோணாது. ஒயர் வச்ச ஹெட்போன் ஒண்ண மாட்டிப் பாரு, அத வாங்கிக் குடுத்தா பழைய காலம்னு சிரிச்ச.

இன்னொண்ணு, நீ எழுதுறது கொயருக்கு, அதனால சத்தத்துக்கும் கொயர் வாய்ஸ வச்சிருப்ப. அந்த "ஆஆ" சத்தம் மெதுவா ஊறி வர்ற சத்தம், அரை செகண்டுக்குள்ள காதுக்கே எட்டாது. எழுதி முடிக்கிற வரைக்கும் மிக்சர்ல, அதான் ஒவ்வொரு பார்ட்டோட சத்தத்தையும் மாத்துற எடம், அங்க எல்லா பார்ட்டுக்கும் பியானோவ வச்சுக்கோ, கடைசியில மாத்திக்கலாம். நான் எப்பவும் அப்படித்தான்.

மிக்சர் எஃப்10 தட்டுனா வரும். அங்க சோலோ பட்டன பாரு, ஒரு பார்ட்ட மட்டும் தனியா கேக்க வைக்கிற பட்டன் அது, கண்டிப்பா பாரு. போன வாரம் மேல் குரல் பாடுற சோப்ரானோ பிள்ளைகளுக்கு பிராக்டிஸ் பண்ண ஆடியோ எடுத்து அனுப்புனன்னு சொன்னல்ல, அதுக்கு சோப்ரானோவ சோலோ போட்டிருப்ப, அத எடுக்காம விட்டா மத்த குரலான ஆல்டோ, டெனர், பேஸ் மூணும் வாய மூடிக்கிட்டுதான் இருக்கும். சோப்ரானோ லைன்ல ஒரு நோட்டு போட்டுப் பாரு, அங்க மட்டும் கேட்டா இதேதான் காரணம்.

எதுவுமே கேக்கலேன்னா சத்தம் வேற எங்கயோ போகுதுன்னு அர்த்தம். ப்ரிஃபரன்சஸ்ல ஆடியோ மிடி பக்கத்துல எந்த டிவைஸ்னு பாரு. டிஜிட்டல் பியானோவ யூஎஸ்பில மாட்டுறியே, அதுல சில மாடல் கம்ப்யூட்டருக்கு சவுண்ட் கார்டு மாதிரியும் ஆகிரும், விண்டோஸ் சத்தத்தையெல்லாம் அங்க தள்ளிரும், பியானோ வால்யூம் கம்மியா இருந்தா லேப்டாப் ஸ்பீக்கர முறைச்சுக்கிட்டு உக்காந்திருக்க வேண்டியதுதான். ஒயர கழட்டிட்டு சாஃப்ட்வேரை மூடித் தொறந்து பாரு. விண்டோஸ் வால்யூம் மிக்சர்ல ஒவ்வொரு சாஃப்ட்வேருக்கும் தனி வால்யூம் உண்டு, மியூஸ்ஸ்கோருக்கு மட்டும் ஜீரோவுல இருக்கான்னும் பாத்துக்கோ. ஆபீஸ் கால் முடிஞ்ச கையோட எழுத உக்காந்தா ஹெட்செட் மைக் மோடுலயே நின்னுருக்கும், அதையும் பாரு.

அங்கங்க ஒண்ணு ரெண்டு நோட்டு மட்டும் கேக்கலேன்னா அந்த நோட்ட செலக்ட் பண்ணி எஃப்8 தட்டு, ப்ராப்பர்ட்டீஸ்ல ப்ளேங்கற டிக் இருக்கான்னு பாரு. டிக் இல்லாத நோட்ட காப்பி பண்ணா ஊமையாவே காப்பி ஆகும்.

சத்தம் இல்லாமலே எழுதிருறேன்னு கடைசியில சொன்ன பாரு, அது மட்டும் வேண்டாம். பியானோ வாசிக்கறவன் நீ, காகிதத்த பாத்து மனசுக்குள்ள கேட்ருவ, அது எனக்கும் தெரியும். ஆனா கீபோர்டுல ஏ, பி, சின்னு எழுத்து தட்டி நோட் போடும்போது அது முந்துன நோட்டுக்குப் பக்கத்துல இருக்கறதத்தான் எடுக்கும், நீ மேல தாவணும்னு நினைச்சு ஜி தட்டுனா அது கீழ போய் உக்காந்துக்கும். காது இருந்தா அப்பவே கண்ட்ரோலும் மேல் அம்புக்குறியும் சேத்து தட்டி ஏத்திருவ. இல்லேன்னா பத்து பார், அதாவது பத்து தாளக் கட்டம், தாண்டுன பிறகுதான் தெரியும், அதுக்குள்ள எல்லாமே ஒரு ஆக்டேவ், அதாவது ஒரு ஸ்தாயி, கீழ எறங்கிருக்கும். டெனருக்கு வரி ஆரம்பத்துல கீழ எட்டு போட்ட ட்ரெபிள் க்ளெஃப் குறிதான வச்சிருக்க? அந்த எட்டு இருந்தாத்தான் ஒரு ஸ்தாயி கீழ ஒலிக்கும். வெறும் ட்ரெபிள் வச்சிருந்தா டெனர் ஆல்டோவுக்கு மேல நின்னு கத்துவான், இதுவும் கேட்டாத்தான் பிடிபடும்.

எதுவும் சரியாகலேன்னா ஹெல்ப் மெனுல ஃபேக்டரி செட்டிங்ஸுக்கு திரும்புற வழி இருக்கு. நீ மாத்தி வச்ச ஷார்ட்கட் எல்லாம் போயிரும், அதனால அத கடைசிக்கு வச்சுக்கோ.

அப்புறம், எனக்கு பிடிஎஃப் அனுப்பாத, அதுல மிக்சரும் தெரியாது ஒண்ணும் தெரியாது. மியூஸ்ஸ்கோரோட எம்எஸ்சிஇசட் ஃபைலையே அனுப்பு, இங்க தொறந்து பாக்குறேன். என் கம்ப்யூட்டர்ல கேட்டா தப்பு ஃபைல்ல இல்ல, உன் லேப்டாப்லதான்னு ஆயிரும். கேரல் சர்வீசுக்கு இன்னும் நாள் இருக்கு, ஆனா அந்த பேஸ் பாடுற அண்ணனுக்கு பார்ட்ட சீக்கிரம் குடுத்துரு, அவரு படிக்க நேரம் எடுக்கும்.

அம்மா