பேரணாம்பட்டு ஷூ கம்பெனி பாக்கி வந்து சேர்ந்தது: கைகொடுத்தவர்களுக்கு நன்றி

எல்லோருக்கும் வணக்கம்.

ஷூவின் மேல்பாகமான அப்பர் தைக்கும் பிரிவில் இருந்த எல்லோர் கணக்கிலும் மூன்று மாதச் சம்பள பாக்கியும் கிராஜுவிட்டியும் (பணிக்கொடை) ஏறிவிட்டன. யார் செய்த எந்த வேலையால் இது நடந்தது என்று விவரமாக எழுதினால்தான் நன்றி முழுமையாகும். குடியாத்தம், ஆம்பூர் பக்கம் இதே கஷ்டத்தில் இருப்பவர்களுக்கும் அது பயன்படும்.

முதல் நன்றி சூப்பர்வைசர் அக்காவுக்கு. சம்பளச் சீட்டே தராத இடத்தில், தினமும் யார் வந்தார்கள், எத்தனை ஜோடி முடிந்தது என்று நோட்டில் எழுதி வைத்தீர்கள். “இவர்கள் எங்கள் ஆட்களே இல்லை, காண்ட்ராக்டர் ஆட்கள்” என்று கம்பெனி சொன்னபோது அந்த நோட்டுதான் நின்று பேசியது. காண்ட்ராக்டர் கொடுக்காவிட்டால் வேலை வாங்கிய கம்பெனியே கொடுக்க வேண்டும் என்று எங்கள் வழக்குக்குப் பொருந்திய 1970-ம் வருஷத்து ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் சொன்னது. ஆனால் அங்கே வேலை பார்த்ததற்கு ஆதாரம் வேண்டியிருந்தது.

இ-சேவை மையத்துத் தம்பி, பி.எஃப். பாஸ்புக்கை மாதவாரியாக எடுத்துக் கொடுத்தார். பிடித்த பணம் எந்த மாதத்தோடு கட்டாமல் நின்றது என்று அதில் பளிச்சென்று தெரிந்தது. அதற்குத் தனி மனு, வேலூர் பி.எஃப். அலுவலகத்துக்கு.

சத்துவாச்சாரி சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் வக்கீல் அம்மாவுக்கு எத்தனை நன்றி சொன்னாலும் போதாது. பெண்களுக்கும் தொழிலாளர்களுக்கும் அங்கே வக்கீல் செலவு கிடையாது. எல்லாவற்றையும் ஒரே மனுவில் எழுதிப் போயிருந்தோம். சம்பளம் ஒரு மனு, கிராஜுவிட்டி ஒரு மனு என்று பிரித்தவர் அவர்தான். சேர்த்துப் போட்டால் ஒன்றின் தகராறில் மற்றதும் தொங்கும். எங்கள் சம்பள மனு 1936-ம் வருஷச் சட்டத்தில் போட்டது, அதில் மனுப் போடக் கெடு 12 மாதம். 2025 நவம்பரில் அமலுக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பில் 3 வருஷம். இருந்தாலும் தள்ளிப் போடாதீர்கள், சாட்சிகள் ஊர் மாறிவிடுவார்கள்.

கிராஜுவிட்டிக் கணக்கையும் அவர்தான் திருத்தினார். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 11,700 ரூபாய், சர்வீஸ் 6 வருஷம் 8 மாதம் என்று வையுங்கள். ஆறு மாதத்தைத் தாண்டியதால் 7 வருஷம். 11,700-ஐ மாத வேலை நாளான 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் 6,750. ஏழு வருஷத்துக்கு 47,250. கம்பெனி 30-ஆல் வகுத்து 40,950 என்று காட்டியது. ஒரு ஆளுக்கு 6,300 ரூபாய் அதிலேயே போயிருக்கும்.

தொழிலாளர் அலுவலகத்து எழுத்தர் ஐயா, நோட்டீஸ் “கதவு பூட்டியுள்ளது” என்று திரும்பி வந்தபோது சும்மா வாய்தா போட விடவில்லை. கம்பெனியின் பதிவு அலுவலக முகவரி, முதலாளி வீட்டு முகவரி இரண்டையும் வாங்கிச் சேர்த்தார். நோட்டீஸ் சேராத வழக்கு நகராது.

குடியாத்தத்துச் சங்கத்து அண்ணன், “முழுக் கணக்கும் பெற்றுக்கொண்டேன்” என்ற தாளில் கையெழுத்துப் போடாமல் தடுத்தார். பாதிப் பணம் கொடுத்தால் வாங்கலாம். தொகை, தேதி போட்டு “ஒரு பகுதி மட்டும்” என்று சொந்தக் கையால் எழுதித்தான் கையெழுத்து.

பணத்தைக் கொடுக்கச் சொல்லி உத்தரவு வந்தும் கம்பெனி அசையவில்லை. கிராஜுவிட்டிக்குக் கலெக்டருக்குச் சான்று போனால் நிலவரி பாக்கி போல வசூலிக்கலாம். கிராம நிர்வாக அலுவலர் நேரில் வந்து, தையல் மிஷின்களின் தகட்டில் இருந்த நம்பரைத் துணியால் துடைத்துப் பார்த்து ஒவ்வொன்றாகக் குறித்தார். அதற்குப் பிறகுதான் கம்பெனியிலிருந்து பணம் வந்தது. ஐயா, உங்களுக்கும் நன்றி.

அக்கா, வழக்கில் கொடுத்த உங்கள் நோட்டை மனுப் போட்டுத் திரும்ப வாங்கிவிட்டோம். ஆவண எண் ஒட்டிய அட்டையோடு பத்திரமாக இருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கொண்டுவந்து தருகிறோம்.

இப்படிக்கு,
அப்பர் பிரிவின் முன்னாள் தொழிலாளர்கள்,
பேரணாம்பட்டு