அந்தச் செக்ரோல் புத்தகங்களை எடைக்குப் போடாதீர்கள்

மதிப்பிற்குரிய தோட்ட நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். பழைய தொழிற்சாலையின் மேல்மாடி அறையைத் துப்புரவாக்குவதும், அங்கே இருந்த செக்ரோல் புத்தகங்கள், அதாவது தொழிலாளர் பேரும் தினவரவும் பதிந்த பழைய ஏடுகள், சாக்கில் கட்டி லொறியில் ஏறுவதும் உங்களுக்குத் தெரிந்தேதான் நடக்கிறது. போன செவ்வாய்க்கிழமை நான் கந்தோர் (அலுவலக) வாசலில் நின்றபோது மூன்று சாக்குகள் மிச்சம் கிடந்தன. அவற்றையாவது எடைக்குப் போடாதீர்கள்.

எங்கள் பூர்வீக ஊரைத் தேட அந்தப் புத்தகங்களைப் பார்க்கக் கேட்டு நான் வந்த மூன்றாவது முறை அது. முதல்முறை கடிதம் கொண்டுவரச் சொன்னார்கள். அடுத்த முறை, கடிதத்தில் எந்த ஆண்டுப் புத்தகம் என்று எழுதவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். ஆண்டை நான் எங்கே போய்த் தேடுவேன்? எங்கள் அப்பாயிக்குத் தான் பிறந்த ஆண்டே தெரியாது. கடைசிவரை கையில் இருந்தது உத்தேச வயதுச் சான்றிதழ்தான்.

ஒன்றை மட்டும் அப்பாயி மறக்கவில்லை. "எங்கப்பாவுக்குத் துறையூர்ப் பக்கம். புளியஞ்சோலைக்குப் போற வழியில ஊரு." ஊர்ப்பேர் வாயில் வராது. 1964 இலங்கை-இந்திய ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்குக் கப்பலேறிய அப்பாயியின் தங்கை இப்போது கோத்தகிரியில் இருக்கிறார். அவரிடம் கேட்டேன். குலசாமி பேரைச் சொன்னார், ஊர் அவருக்கும் தெரியவில்லை. அப்புறம் யோசித்துவிட்டு, "நாங்க எந்தக் கங்காணிகிட்ட இருந்தோம்னு பாரு. அவரு ஊருதான் நம்ம ஊரு" என்றார். தோட்டத்துக்கு ஆள் கூட்டி வந்து வேலை வாங்கிய கங்காணிமார் பெரும்பாலும் சொந்த ஊரிலும் சுற்றுவட்டத்திலும்தானே ஆள் கட்டினார்கள்! அந்தக் கங்காணியின் பேர் உங்கள் புத்தகத்தில்தான் இருக்கிறது.

சாக்குக் கட்டிய தம்பி ஒரு புத்தகத்தை விரித்துக் காட்டினான். ஓரமெல்லாம் கறையான். ஊதா மையில் பேர்கள், நேரே நாளுக்கொரு கட்டம், முழுப்பேரும் அரைப்பேருமாக, அதாவது முழுநாள் வேலைக்கும் அரைநாள் வேலைக்குமாக, கோடுகள். ஒரு காளியம்மாவுக்கு நேரே மாதம் முழுக்க வெறும் கட்டம். பிள்ளை பெற்றிருந்தாளோ, காய்ச்சலில் கிடந்தாளோ. அவளுக்கும் எங்கோ ஒரு பேத்தி இருப்பாள். பக்கத்தைப் புரட்டுவதற்குள் மேற்பார்வையாளர் வந்து மூடச் சொல்லிவிட்டார்.

1948இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் வந்தபோது, உன் தகப்பன் இங்கே பிறந்ததற்குத் தாள் எங்கே என்று எங்கள் ஆட்களைக் கேட்டார்கள். பெரும்பாலானவர்களிடம் தாள் இல்லை. நாடில்லாதவர்கள் ஆனோம். இன்று இருக்கிற தாளும் சாக்கில் போகிறது. 2023இல், எங்கள் முன்னோர் இந்தியாவிலிருந்து இங்கே வந்து 200 ஆண்டு ஆனதை நினைத்துத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்கள். நானும் கொஞ்ச தூரம் நடந்தேன். அன்று அந்தப் பாதையில் நடந்து வரும்போது விழுந்து செத்த முன்னோர்களின் பேரை எழுதி வைத்த ஏடு இல்லை. பிழைத்து வந்தவர்களின் வாரிசுகள் பேராவது இருக்கட்டும் என்றால் அதற்கும் கடிதம், ஆண்டு, அனுமதி!

சூடாக எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பணிவாகவே கேட்கிறேன். அந்த மூன்று சாக்குகளையும் எடைக்குப் போடாதீர்கள். எடைக்காசை நாங்களே தருகிறோம். ஞாயிற்றுக்கிழமைகளில் கந்தோர் வராந்தாவில் ஒரு மேசை கொடுங்கள். பக்கம் பக்கமாகப் படமெடுத்துவிட்டு அடுக்கி வைக்கிறோம். பிறகு கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் கூடத்திடம் ஒப்படைக்க முடியுமா என்று நீங்களே கேட்டுப் பாருங்கள். லொறி அடுத்த செவ்வாய் வருமாம். அதற்குள் ஒரு பதில் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தோட்டத்தில் பேர் பதிந்த ஒருத்தியின் பேத்தி