ஆப்பிள் கப்பும் டிவி பணமும்

ஆசிரியருக்கு,

வணக்கம். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் மாணவர்கள் லட்சம் லட்சமாகச் சம்பாதிப்பதைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தகவல்கள் நன்றாக இருந்தன. ஆனால் பணம் வந்து விளையாட்டு கெட்டது என்று சொல்லும்போது, பழி முழுவதையும் அந்த மாணவர்கள் தலையில் இறக்கி வைத்தது போல இருந்தது. அதனால்தான் இந்தக் கடிதம். நான் வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் மேற்படிப்பு படித்தவன், 'கூகர்ஸ்' என்ற அதன் அமெரிக்கன் ஃபுட்பால் அணிக்கு ரசிகன். அந்த விளையாட்டின் மேல் எனக்கிருந்த பிடிப்பு இரண்டு மூன்று வருடங்களாகத் தளர்ந்துகொண்டே வருகிறது. அதற்கு இருபது வயதுப் பையன் யாரும் காரணம் இல்லை.

வாஷிங்டன் மாநிலத்தில் எங்கள் பல்கலைக்கழகம் இருக்கும் ஊர் புல்மன். சியாட்டிலில் இருந்து மலை தாண்டிக் கிழக்கே காரில் ஐந்து மணி நேரம். சுற்றிலும் மேடும் பள்ளமுமாகக் கோதுமை வயல். ஊரின் மக்கள்தொகையும் ஸ்டேடியத்தின் இருக்கைகளும் ஏறக்குறைய ஒன்றுதான், முப்பதாயிரத்துச் சொச்சம். ஆட்டம் இருக்கிற சனிக்கிழமை மாநிலத்தின் எந்த மூலையில் இருந்தெல்லாமோ பழைய மாணவர்கள் வந்து இறங்குவார்கள். பல்கலைக்கழகமே தயாரித்து டப்பாவில் அடைத்து விற்கும் 'கூகர் கோல்ட்' சீஸை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, முன்பின் தெரியாதவரிடம் "கோ கூக்ஸ்" என்பார்கள். கிரிக்கெட் மட்டுமே தெரிந்து வந்த எனக்கு ஆய்வகத்து நண்பர்கள்தான் ஆட்ட விதிகளைச் சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு வருடத்துக்குள் நானும் நாலு பேருக்குச் சொல்லிக் கொடுக்கிற ஆள் ஆகிவிட்டேன்.

வருடத்தில் மற்ற எந்த ஆட்டத்தில் தோற்றாலும் பொறுத்துக்கொள்வோம், ஆப்பிள் கப்பில் மட்டும் தோற்கக் கூடாது. அதே மாநிலத்தின் இன்னொரு அரசுப் பல்கலைக்கழகமான, சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தோடு மோதும் ஆட்டம் அது. முதலில் ஆடியது 1900-ல். 2023 வரை பெரும்பாலும் நவம்பர் கடைசியில், தேங்க்ஸ்கிவிங் விடுமுறையை ஒட்டி வந்துகொண்டிருந்தது. கணவன் எங்கள் கூகர் பக்கம், மனைவி சியாட்டில் அணியான ஹஸ்கி பக்கம் என்றிருக்கும் வீடுகள் இந்த மாநிலத்தில் ஏராளம். 1992-ல் புல்மனில் கொட்டும் பனியில் ஹஸ்கிகளை 42-23 என்று வென்ற ஆட்டத்தைப் பற்றி, அன்று பிறக்காத பிள்ளைகள்கூடக் கண்ணால் பார்த்த மாதிரியே சொல்வார்கள்.

அமெரிக்கக் கல்லூரி அணிகள் கூட்டமைப்புகளாகச் சேர்ந்து தங்களுக்குள் ஆடும், ஒளிபரப்பு உரிமையையும் சேர்ந்தே விற்கும். இந்த இரண்டு அணிகளும் இருந்த பசிபிக் கடற்கரைக் கூட்டமைப்பு 1915-ல் தொடங்கியது, கடைசியில் பேக்-12 என்று பெயர். 2022 ஜூனில் லாஸ் ஏஞ்சலஸின் இரண்டு பல்கலைக்கழகங்களான யு.எஸ்.சி.யும் யு.சி.எல்.ஏ.வும் பிக் டென் என்ற வேறு கூட்டமைப்புக்குப் போகிறோம் என்றன. ஆகஸ்டில் பிக் டென் ஃபாக்ஸ், சி.பி.எஸ்., என்.பி.சி. டிவி நிறுவனங்களோடு ஏழு வருடத்துக்கு 700 கோடி டாலருக்கும் மேலான ஒப்பந்தம் போட்டது. மறு வருடம் ஆகஸ்ட் 4-ம் தேதி ஓரிகனும் வாஷிங்டனும் அதே வழியில் கிளம்பின. அன்றே அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா மூன்றும் பிக் 12 என்ற இன்னொரு கூட்டமைப்புக்குப் போயின. ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் அட்லாண்டிக் கடற்கரைக் கூட்டமைப்பில் சேர்ந்தன. பன்னிரண்டில் மிஞ்சியது நாங்களும் ஓரிகன் ஸ்டேட்டும்தான். எங்கள் இரண்டு ஊரிலும் டிவி கம்பெனிக்கு வேண்டிய அளவு வீடுகள் கிடையாது. அம்போ என்று விட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

மைதானத்தில் தோற்றிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது. நூறு வருடத்துக்கு மேலான உறவை முறிக்கும்போது ஆட்டத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை, பேச்செல்லாம் ஒளிபரப்பு உரிமையில் யாருக்கு எத்தனை கோடி என்பதுதான். சியாட்டில் அணி இப்போது நியூ ஜெர்சியில் இருக்கும் ரட்கர்ஸோடு கூட்டமைப்பு ஆட்டம் ஆடுகிறது. ஃபுட்பால் அணிக்குத் தனி விமானம், அதுவும் பருவத்துக்குச் சில பயணங்கள்தான். வாலிபால், சாஃப்ட்பால் ஆடும் பெண்களை நினைத்துப் பாருங்கள். அவர்களுக்கு ஆட்டங்கள் அதிகம், வார நாளிலும் உண்டு. கண்டத்தின் ஒரு கோடியில் இருந்து மறு கோடிக்குப் பறந்து ஆடிவிட்டு வந்து தேர்வு எழுத வேண்டும். ஃபுட்பாலுக்காகப் போட்ட கணக்குக்கு இவர்களும் சேர்ந்து சுமக்கிறார்கள்.

சரி, மாணவர்களுக்குக் கிடைக்கும் பணத்துக்கு வருகிறேன். 2021-ல் அல்ஸ்டன் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். அந்த ஜூலையில் இருந்து மாணவர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம் என்றானது. 2025 ஜூனில், விளையாட்டு வீரர்கள் என்.சி.ஏ.ஏ. மேல் போட்ட ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்கு நீதிபதி ஒப்புதல் தந்தார்: பழைய பாக்கியாக 280 கோடி டாலர், இனிமேல் ஒவ்வொரு பல்கலைக்கழகமும், முதல் வருடத்தில் சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை விளையாட்டு வீரர்களுக்குத் தரலாம்.

இதில் எனக்குக் கொஞ்சமும் வருத்தம் இல்லை. 2014-ல் கனெக்டிகட் கூடைப்பந்து அணியைச் சாம்பியன் ஆக்கிய ஷபாஸ் நேப்பியர், சில இரவுகளில் பசியோடு படுக்கப் போவதாகச் சொன்னார். அவர் ஆட்டத்தைக் காட்டி எல்லோரும் சம்பாதித்துக்கொண்டிருந்த நேரம் அது. யு.எஸ்.சி. ஃபுட்பால் வீரர் ரெஜி புஷ் மாணவராக இருந்தபோது பணமும் சலுகையும் பெற்றார் என்று சர்ச்சை கிளம்பி, 2010-ல் சிறந்த கல்லூரி வீரருக்கான அவருடைய ஹைஸ்மன் கோப்பை கைவிட்டுப் போனது, திரும்பக் கிடைக்க 2024 ஆனது. அதே நாட்டில் டெக்சஸ் ஏ அண்ட் எம் என்ற அரசுப் பல்கலைக்கழகம், ஜிம்போ ஃபிஷர் என்ற கோச்சை 2023-ல் பாதியில் அனுப்பியதற்கு மட்டும் 7.5 கோடி டாலருக்கு மேல் தர ஒப்புக்கொண்டது. வேலை செய்யாமல் இருப்பதற்குக் கோச்சுக்கு இவ்வளவு கொடுக்க முடிந்தவர்கள், முட்டி உடைய ஆடும் பையனுக்குக் கொடுப்பதைத்தான் ஒழுக்கக் கேடு என்று இத்தனை காலம் சொன்னார்கள்.

எங்கள் அணியிலேயே, பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்கான கேம் வார்ட் இரண்டு பருவம் ஆடிவிட்டு மயாமி பல்கலைக்கழகத்துக்குப் போனார். 2025-ல் தொழில்முறை லீகான என்.எஃப்.எல். நடத்தும் தேர்வில் முதல் ஆளாக எடுக்கப்பட்டார். அவருக்குப் பின் அந்த இடத்துக்கு வந்த ஜான் மடீரும் அதில் ஒரே பருவம் ஆடிவிட்டு ஓக்லஹோமாவுக்குக் கிளம்பிவிட்டார். அதே மாதத்தில் எங்கள் கோச்சும் வேக் ஃபாரஸ்டுக்குப் போனார். கோச் போனால் அது முன்னேற்றம், பையன் போனால் துரோகம் என்று நண்பர்கள் பேசுவதை என்னால் ஏற்க முடியவில்லை. கூட்டமைப்பையே காசுக்காகக் கலைத்துப்போட்ட பெரியவர்களைப் பார்த்து வளர்ந்த பையன் வேறு என்ன கற்றுக்கொள்வான்?

என் மனசு உண்மையில் விட்டுப்போனது 2025 ஜூனில் வந்த ஒரு செய்தியால். சியாட்டில் நாளிதழ்களின் விளையாட்டுப் பக்கத்தில் அது பெரிய செய்திகூட இல்லை. எங்கள் பல்கலைக்கழகம் தடகளத்தில் உயரம் தாண்டுதல், நீளம் தாண்டுதல், ஈட்டி எறிதல் போன்ற களப் போட்டிகளை நிறுத்துகிறது, குறுகிய தூர ஓட்டங்களையும் குறைக்கிறது. பணநெருக்கடியையும் மாறிவரும் கல்லூரி விளையாட்டுச் சூழலையும் காரணமாகச் சொன்னார்கள். புல்மனில் படித்துக்கொண்டிருந்த கென்ய மாணவர் ஹென்றி ரோனோ, 1978-ல் 81 நாட்களில் நான்கு உலக சாதனைகளை முறியடித்தவர். இங்கே படித்த ஜூலியஸ் கோரிர் 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் ஸ்டீப்பிள்சேஸ் என்ற தடை தாண்டி ஓடும் ஓட்டத்தில் தங்கம் வாங்கினார். அவர்கள் ஓடிய நீண்டதூர ஓட்டம் மட்டும் இப்போதைக்குத் தப்பித்திருக்கிறது.

நம்மவர்களுக்கும் இதில் சம்பந்தம் உண்டு. தில்லியில் வளர்ந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை தேஜஸ்வின் சங்கர், கேன்சஸ் ஸ்டேட்டில் படித்தபடி 2018-லும் 2022-லும் அமெரிக்கக் கல்லூரிகளின் உயரம் தாண்டும் பட்டத்தை வென்றார். 2022 காமன்வெல்த் போட்டியில் வெண்கலமும் வாங்கினார். உயரம் தாண்டுதலுக்கு டிவியில் கூட்டம் சேராது, ஆனாலும் எங்கிருந்தோ வரும் ஒரு பிள்ளைக்குப் படிப்பும் பயிற்சியும் கொடுக்கும் ஏற்பாடு இந்த நாட்டுக் கல்லூரிகளில் இருந்தது. நான் ரசிகனாக இருந்தது அந்த ஏற்பாட்டுக்கும் சேர்த்துத்தான்.

2024 செப்டம்பரில் நடந்த ஆப்பிள் கப்புக்குப் போயிருந்தேன். புல்மனும் இல்லை, ஹஸ்கிகளின் சொந்த மைதானமும் இல்லை, சியாட்டிலில் என்.எஃப்.எல். அணி ஆடும் லூமன் ஃபீல்டில் வைத்திருந்தார்கள். கடைசி நிமிடங்களில் கோல் கோட்டுக்கு ஒரு கஜ தூரத்தில் ஹஸ்கிகளை நிறுத்தி 24-19 என்று ஜெயித்தோம். தொண்டை கட்டும்வரை கத்தினேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் பனி இல்லை, விடுமுறை இல்லை, இரண்டு அணிக்கும் ஒரே கூட்டமைப்பும் இல்லை. அப்புறம் வருடா வருடம் கல்லூரிக்கு அனுப்பும் நன்கொடையைத் தடகளத்துக்கு என்று குறிப்பிட்டு அனுப்பத் தொடங்கிவிட்டேன். ஃபுட்பாலுக்குக் கொடுக்க ஆட்கள் இருக்கிறார்கள்.

அடுத்த முறை தங்கள் இதழ் இதைப் பற்றி எழுதினால் ஒரு குவார்ட்டர்பேக்கின் வருமானத்தோடு நிறுத்திவிடாதீர்கள். ஒளிபரப்பு ஒப்பந்தங்களில் கையெழுத்துப் போட்ட பல்கலைக்கழகத் தலைவர்களிடமும் கேளுங்கள், போட்டிப் பிரிவை இழந்த ஈட்டி எறியும் மாணவர்களிடமும் கேளுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர்,
பெல்வியூ, வாஷிங்டன் மாநிலம்