ஸ்டோரேஜைக் கூட்டிக்கொள்ள ஒரு ஸ்லாட்டைப் பொருத்திக் கொடுங்கள்: சிறிய லேப்டாப் தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

இருபதாயிரம் ரூபாய்க்குள் சிறிய லேப்டாப் தயாரித்து விற்கும் நிறுவனங்களுக்கு, வணக்கம்.

கும்பகோணத்தில் லேப்டாப் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். உங்கள் 11 அங்குல, 14 அங்குல மெஷின்கள் வாரம் தவறாமல் என் மேசைக்கு வருகின்றன. அவை எனக்குப் பிடிக்கும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சின்ன மாடல்கள் ஒரு கிலோவை ஒட்டிய எடைதான். காலேஜ் பஸ்ஸில் நின்றுகொண்டே போகிற பெண்ணின் பையில் புத்தகம், சாப்பாட்டு டப்பாவோடு இதுவும் அடங்கிவிடும். அதிகம் சூடாகாத 6 வாட் செலரான் பிராசசர் என்பதால் பல மாடல்களில் ஃபேனே கிடையாது. சத்தமும் இல்லை, தூசி அடைப்பதும் இல்லை. காலையில் கரண்ட் போனால் மதியம் வரை தாங்கும். கூலி வேலை பார்ப்பவர் வீட்டுக்குள் முதல் கம்ப்யூட்டர் வருகிறதென்றால் பெரும்பாலும் இந்த விலையில்தான் வருகிறது. அவர்களிடம் ஐம்பதாயிரம் ரூபாய் மெஷினைக் காட்டி, "இதை வாங்கியிருக்கலாமே" என்று சொல்ல எனக்கு வாய் வராது.

வாங்கி ஒரு வருஷம் தாண்டியதும் தொல்லை ஆரம்பிக்கிறது. "விண்டோஸ் அப்டேட் ஆகமாட்டேங்குதுண்ணா" என்று கொண்டுவருவார்கள். பார்த்தால் 32 ஜிபி ஸ்டோரேஜ். அதிலும் 29 சொச்சம்தான் கையில் வரும். விண்டோஸும் ஆஃபீஸும் போக மிச்சம் என்ன இருக்கும்? 2019-இல் மைக்ரோசாஃப்ட் புதிய மெஷின்களுக்கான குறைந்தபட்ச ஸ்டோரேஜை 32 ஜிபியாக உயர்த்தியது. அப்டேட்டுக்கென்றே சுமார் 7 ஜிபியை ஒதுக்கி வைக்கும் முறையையும் அப்போதுதான் கொண்டுவந்தது. அந்தக் குறைந்தபட்சத்தோடு நீங்கள் நிறுத்திக்கொண்டீர்கள். அப்டேட் பாதியில் நின்று பென்டிரைவ் செருகச் சொல்லும். பிள்ளைகள் போட்டோக்களை அழிப்பார்கள், கடைசியில் புராஜெக்ட் ஃபைலையே பென்டிரைவுக்கு மாற்றுவார்கள். அடுத்த மாதம் இன்னொரு அப்டேட் வந்து நிற்கும். இப்போது விண்டோஸ் 11 குறைந்தது 64 ஜிபி ஸ்டோரேஜும் 4 ஜிபி ராமும் கேட்கிறது. உங்களில் பலர் சரியாக அதே அளவில் விற்கிறீர்கள். 4 ஜிபி ராமில் ஆன்லைன் வகுப்பு, குரோமில் நாலு டேப், ஒரு வேர்டு ஃபைல் சேர்ந்தால் மவுஸ்கூடத் திணறுகிறது.

சரி, ஸ்டோரேஜைக் கூட்டிக் கொடுப்போம் என்று பின்மூடியைக் கழற்றினால், உள்ளே பெரும்பகுதி பேட்டரி. ஒரு பக்கமாக உள்ளங்கை அகலத்துக்குப் போர்டு. ராம் போர்டோடு சால்டர் செய்யப்பட்டிருக்கிறது, அதாவது கழற்றி மாற்ற முடியாதபடி பற்றவைத்திருக்கிறது. ஸ்டோரேஜ் என்பது விரல் நகம் அளவு இஎம்எம்சி சிப். அதுவும் சால்டர்தான். அது போனால் போர்டையே மாற்ற வேண்டும்; அந்தச் செலவுக்குப் பழைய மெஷின் ஒன்றே வாங்கிவிடலாம். சில மாடல்களில், எஸ்எஸ்டி என்ற கூடுதல் ஸ்டோரேஜைச் செருகும் எம்.2 ஸ்லாட்டுக்கான இடம் போர்டில் அச்சாகியே இருக்கிறது. சால்டர் வைக்க வேண்டிய பட்டைகள் வரிசையாகத் தெரிகின்றன, திருகு போடும் துளைகூட இருக்கிறது. ஸ்லாட் மட்டும் இல்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை. அது இருந்திருந்தால் ஓர் எஸ்எஸ்டியைப் போட்டு அதே மெஷினை இன்னும் சில வருஷம் ஓட்டியிருப்பார்கள்.

சின்ன மெஷினில் இதற்கெல்லாம் இடமில்லை என்று சொல்லாதீர்கள். 2007-இல் ஆசஸ் கொண்டுவந்த ஈ பிசி 701-க்கு 7 அங்குலத் திரை, எடை 920 கிராம். அதன் அடியில் ஒரு சின்ன மூடி இருந்தது. அதைக் கழற்றி ராமை மாற்றலாம். பேட்டரியைக் கையாலேயே எடுத்துவிடலாம். நெட்புக் என்று அழைக்கப்பட்ட அந்தச் சின்ன லேப்டாப்கள் நொடித்ததில் 2010-இல் வந்த ஐபேடுக்குப் பங்கு உண்டுதான். நெட்புக்குகளுக்கான மலிவான விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் போட வேண்டுமானால் 1 ஜிபி ராமையும் 10.2 அங்குலத் திரையையும் தாண்டக் கூடாது என்று மைக்ரோசாஃப்ட் வைத்த நிபந்தனைக்கும் பங்கு உண்டு. பெரிய மெஷின்களின் வியாபாரம் கெடக் கூடாதென்று சின்ன மெஷினைக் குறுக்கி வைத்தார்கள் என்றே நினைக்கிறேன். இன்று நீங்கள் சால்டரால் அதையே செய்கிறீர்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

திரை சுமாராக இருக்கட்டும், பாடி பிளாஸ்டிக்காகவே இருக்கட்டும். இந்த விலைக்கு யாரும் அதைக் குறை சொல்லப் போவதில்லை. எம்.2 ஸ்லாட்டைப் பொருத்துங்கள். ராமைச் சால்டர்தான் செய்வோம் என்றால் 8 ஜிபியாகச் செய்யுங்கள். பேட்டரியைத் தனியாக விற்பனைக்கு வையுங்கள். அப்புறம், எந்த ஆண்டு வரை அப்டேட் வரும் என்பதைப் பெட்டியின் மேல் பெரிதாகப் போடுங்கள். விண்டோஸுக்குப் பதில் கூகுளின் குரோம் ஓஎஸ் ஓடும் குரோம்புக் லேப்டாப்களுக்கு 10 ஆண்டு அப்டேட் என்று கூகுள் 2023-இல் அறிவித்தது. ஆனால் அந்தக் கணக்கு, வாங்கிய நாளிலிருந்து தொடங்குவதில்லை. அந்த மாடலின் பிளாட்ஃபார்ம், அதாவது உள்ளே இருக்கும் அடிப்படை ஹார்டுவேர், வெளியான நாளிலிருந்து தொடங்குகிறது. தள்ளுபடியில் பழைய மாடலை வாங்கிப் போகிற அப்பாவுக்கு இதை யார் சொல்வது?

ஜூன் மாதம் காலேஜ் திறக்கும் சமயத்தில், "எதை வாங்கலாம்?" என்று கேட்டுக்கொண்டு என் கடைக்கு வருவார்கள். ஸ்லாட் உள்ள மாடலாகப் பார்த்துத்தான் சொல்வேன். அதில் உங்கள் மாடலும் இருக்கும்படி செய்யுங்கள்.

இப்படிக்கு,
ஒரு லேப்டாப் சர்வீஸ் கடைக்காரர்,
கும்பகோணம்.