மாமாங்கத்துக் கடைச் சந்தும் அண்ணாவின் மூளையும்

கல்லடி

அன்புள்ள மச்சான்,

அக்கரைப்பற்றில் மழை எப்படி? இங்கே வாவி நிரம்பிக் கிடக்கிறது. முகத்துவாரத்தை எப்போது வெட்டுவார்கள் என்பதுதான் ஊர்ப் பேச்சு.

அண்ணா வீட்டுக்கு வந்துவிட்டார். இடது கை இன்னும் சொற்கேட்பதில்லை. கோபம் வந்தால் மட்டும் அதையும் தூக்கப் பார்க்கிறார்.

பாரிசவாதம் வந்த உடனே எடுத்த சீ.ரி. ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு எடுத்த எம்.ஆர்.ஐ.யில் வலப்பக்கம் ஒரு வெள்ளைத் திட்டு. "கலங்கள் வீங்கியிருக்கு" என்றார் டொக்டர். எனக்கு அது பிடிபடவில்லை. மூளைக் கலம் ஒன்று 10 மைக்ரோமீற்றர் மட்டில், அதாவது ஒரு மில்லிமீற்றரில் நூறிலொரு பங்கு. படத்தின் ஒரு புள்ளியோ ஒன்றிரண்டு மில்லிமீற்றர். அதற்குள் வீக்கத்தை எப்படிக் கண்டார்கள்? படிப்பித்த புத்தி சும்மா விடுமா, தேடி வாசித்தேன்.

மெஷின் பார்ப்பது கலத்தை அல்ல, நீரின் நடையை. உடல் வெப்பத்தில் தனி நீரின் மூலக்கூறு 50 மில்லிசெக்கனில் 17 மைக்ரோமீற்றர் அளவுக்கு அலையும். மூளைக்குள் அதில் பாதிதான்; கலங்களின் மென்சவ்வுகள் மறிக்கும்.

மாமாங்கக் கோயில் தீர்த்தத் திருவிழாவுக்குப் போனது ஞாபகமிருக்கா? காலையில் கடைகளுக்கு நடுவே கைவீசி நடக்கலாம். பின்னேரமானால் ஒவ்வொரு கடைக்காரரும் பலகையை ஒரு முழம் வெளியே தள்ளியிருப்பார். சனம் ஊர்வதைப் பார்த்தே கடை பெருத்ததைச் சொல்லிவிடலாம். இதுவும் அப்படித்தான். இரத்தம் நின்றால் கலத்துக்குள்ளிருந்து சோடியத்தை வெளியே இறைக்கும் பம்பும் நிற்கும். சோடியம் உள்ளே போகும், பின்னாலேயே நீரும் போகும், கலம் பருக்கும். மூளையில் ஐந்தில் ஒரு பங்காக இருந்த கலங்களுக்கு இடையிலான வெளி, இருபதில் ஒரு பங்கு மட்டில் சுருங்கிவிடும். நீரின் நடை தளரும்; தளர்ந்த இடம்தான் படத்தில் வெள்ளைத் திட்டு. இரத்தம் தடைப்பட்ட பூனைகளில் மோஸ்லி என்ற ஆய்வாளரின் குழு 1990இலேயே இதைப் படம்பிடித்துவிட்டது.

ஆனாலும் இதைக் கலத்தின் கனவளவை 'அளப்பது' என்று சொல்ல எனக்கு மனமில்லை. கடை பெருத்தாலும் நெரிசல், கடைகளின் எண்ணிக்கை கூடினாலும் நெரிசல்! கட்டி வந்து கலங்கள் நெருங்கினாலும் நடை குறையுமாம். உண்மையான அளவு வேண்டுமென்றால், நீரை அலையவிடும் நேரத்தை மாற்றி மாற்றி எடுத்துக் கணக்குப் போட வேண்டும். அப்போதும் கலம் உருண்டையா குழாயா என்று நாம் வைத்துக்கொண்ட எண்ணத்தைப் பொறுத்தே விடை வரும்.

அண்ணாவுக்கு இதை விளக்கினேன். "அப்ப என்ர தலைக்குள்ள தீர்த்தமா நடக்குது?" என்றார்.

தையில் வருவாய்தானே? வரும்போது ஒரு சட்டித் தயிர் கொண்டுவா. இடக்கையால் தூக்கிப் பழக அவருக்கு ஒரு பாரம் தேவை.

உன்
மச்சான்