நம் தோட்டத்துப் பறவைக் கணக்கு: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அண்ணாச்சிக்கும், வந்திருக்கிற அண்ணாச்சிமார், அக்காமார், பிள்ளைகள் எல்லாருக்கும் வணக்கம். போன ஜூன் முதல் தேதியில் இருந்து இந்த மே கடைசி வரைக்கும், வீட்டுக்கொரு நோட்டில் பறவைகளை எழுதிவைக்கும் நம் செங்கோட்டைச் சங்கத்தில் நடந்ததை வாசிக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். செலவு என்று பார்த்தால் நோட்டு, தண்ணீர் வைக்க மண்சட்டி, கூட்டத்துக்கு டீ வடை, அவ்வளவுதான். எல்லா வீட்டு நோட்டையும் சேர்த்து எழுதிய முழுப் பட்டியல் பின்சுவரில் ஒட்டியிருக்கிறது, போகும்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் மேலத்தெருப் பெரியம்மாவைச் சொல்ல வேண்டும். ஆவணியில் காலமானார். கடைசி சில வருஷம் அவருக்குக் கண் தெரியவில்லை. புறவாசல் படியில் உட்கார்ந்து காதால் கேட்டதைச் சொல்லச் சொல்ல, பேத்தி எழுதுவாள். சங்கம் தொடங்கிய புதிதில் ‘கண்ணால் பார்த்தால்தான் கணக்கு’ என்று நாம் விதி வைத்திருந்தோம், அவருக்காகத்தான் அதைத் திருத்தினோம். அந்தத் திருத்தத்தால் லாபம் அடைந்தது நாம்தான். நாணல் கதிர்குருவி குளிர்காலம் முழுக்க நம் வேலிக்குள்ளேயே இருந்து ‘சக்... சக்...’ என்று சத்தம் கொடுக்கும், தலையை மட்டும் வெளியே காட்டாது, பழைய விதிப்படி போயிருந்தால் பாதி வீட்டுப் பட்டியலில் அந்தப் பறவையே இருந்திருக்காது. பெரியம்மாவின் நோட்டில் கடைசிப் பக்கம் இப்படி இருக்கிறது: ‘காலை. கிணற்றடி. குண்டுகரிச்சான் ஒன்று. தவிட்டுக்குருவி கூட்டம், சண்டை. செம்போத்து, மேற்கு மூலை, தூரத்தில்.’ நோட்டைக் குடும்பத்தார் நம்மிடமே கொடுத்துவிட்டார்கள். அறிக்கை முடிந்ததும் ஒரு நிமிடம் எழுந்து நிற்போம்.

அப்புறம் பெயர்க் குழப்பம். இந்த வருஷம் எல்லா நோட்டையும் கூட்டிப் பார்த்தபோது மூன்று வகை கூடுதலாக வந்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது, ஆனால் உட்கார்ந்து சரிபார்த்தால் ஒரு வீட்டில் வால்காக்கை என்று எழுதியதைப் பக்கத்து வீட்டில் மலையாளத்தில் ஓலேஞ்ஞாலி என்று எழுதியிருக்கிறார்கள், இங்கே கரிச்சான் என்பது அங்கே ஆனறாஞ்சி, நம் ஆறுமணிக்குருவி கேரளத்துப் புனலூரில் இருந்து வந்த மருமகளுக்குக் காவி. இதில் யார் மேலும் தப்பு கிடையாது. 1956 நவம்பர் 1 வரைக்கும் செங்கோட்டை திருவிதாங்கூரோடு இருந்த ஊர், பெண் கொடுத்தது எடுத்தது எல்லாம் இன்றைக்கும் எல்லையில் உள்ள ஆரியங்காவுக்கு இருபுறமும்தான், ஒரே வீட்டில் மாமியார் ஒரு பெயரும் மருமகள் ஒரு பெயரும் சொல்வது இயல்பு. 1933ல் பறவை அறிஞர் சலீம் அலி திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களில் பறவைக் கணக்கெடுப்பு நடத்தினாரே, அப்போதும் நாம் அந்தப் பக்கக் கணக்குத்தான். அதனால் இரண்டு பெயரும் இருக்கட்டும். புது நோட்டின் முதல் பக்கத்தில் தமிழ்ப் பெயர், மலையாளப் பெயர், வீட்டில் கூப்பிடும் பெயர் என்று மூன்று கட்டம் அச்சடித்திருக்கிறோம். செம்போத்து மட்டும் இரண்டு மொழியிலும் செம்போத்துதான், அதற்கு ஒரு கட்டம் போதும்.

வருஷத்தை எங்கே தொடங்குவது என்று இந்த முறையும் வாக்குவாதம் வந்தது. ஜனவரி ஒன்று என்று வைத்தால் கணக்குப் பார்க்கச் சுலபம், மற்ற ஊர்க்காரர்களோடு ஒப்பிடவும் வசதி என்று சிலர் சொன்னார்கள். நியாயம்தான். ஆனால் நம் தோட்டத்துக்கு வடக்கே இருந்து வருகிற விருந்தாளிகளை நினைத்துப் பாருங்கள். சாம்பல் வாலாட்டி புரட்டாசிக்கு முன்னேயே வந்து வாய்க்கால் ஓரம் வாலை ஆட்டிக்கொண்டு நிற்கும், மாங்குயிலும் அரசவால் ஈப்பிடிப்பானும் அதற்குப் பின்னால் வரும், எல்லாம் பங்குனி, சித்திரை வாக்கில் கிளம்பிவிடும். டிசம்பர் 31ல் கோடு கிழித்தால் ஒரே குளிர்காலம் இரண்டு துண்டாகிவிடுகிறது, அதே மாமரத்தில் அதே கிளையில் இருக்கும் அதே பறவை போன வருஷத்துக் கடைசியாகவும் இந்த வருஷத்து முதலாகவும் இரண்டு தரம் ஏறிவிடுகிறது. சாரலோடு தொடங்கிக் கோடையோடு முடித்தால் வந்ததும் போனதும் ஒரே பக்கத்தில் இருக்கும். ஜூன்தான் சரி என்பது என் தீர்மானமான எண்ணம், கூட்டமும் கடைசியில் அதையே ஒப்புக்கொண்டது. ஜனவரிக் கணக்கு வேண்டும் என்பவர்கள் ஓரத்தில் தனியாகக் குறித்துக்கொள்ளலாம்.

ஐப்பசி முதல் வாரத்தில் நடந்ததை விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது எந்த வீட்டிலும் நடக்கும். காலை ஆறரை இருக்கும். எங்கள் வீட்டு முன்பக்கக் கண்ணாடிக் கதவில் ‘டப்’ என்று ஒரு சத்தம். போய்ப் பார்த்தால் படியில் ஆறுமணிக்குருவி. இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, ராத்திரி ராத்திரியாகப் பறந்து நம் பக்கமும் இலங்கைக்கும் வருகிற பறவை, மொத்த எடையே 50, 60 கிராம்தான். கையில் எடுத்தபோது உள்ளங்கை முழுக்க நெஞ்சு துடிப்பது தெரிந்தது. கண் வழியாக ஓடும் கறுப்புப் பட்டை, பச்சை முதுகு, தோளில் ஒரு துண்டு வானம் ஒட்டியது மாதிரி நீலம், குட்டை வாலுக்குக் கீழே குங்குமச் சிவப்பு. அலகு ஓரத்தில் ஒரு சின்ன மண் துணுக்கு ஒட்டியிருந்தது, அதற்கு முன்னால் எந்தத் தோட்டத்துச் சருகைக் கிளறியதோ. தண்ணீர் கொடு, தண்ணீர் கொடு என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். கொடுக்கக் கூடாது, மயக்கத்தில் இருக்கும் பறவையின் வாயில் ஊற்றினால் மூச்சுக்குழலுக்குள் போய்விடும். செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டியில் பழைய துணியை விரித்து, ஓட்டை போட்டு, மூடி, சத்தமில்லாத அறையில் வைத்தேன். ஒன்றரை மணி நேரம் கழித்து உள்ளே கால் பிறாண்டும் சத்தம் கேட்டது. புறவாசல் வாழைக்கு அடியில் பெட்டியைத் திறந்தேன், கொஞ்ச நேரம் அப்படியே நின்றது, வாலை இரண்டு தரம் மெதுவாக ஏற்றி இறக்கியது, அப்புறம் தத்தித் தத்திச் சருகுக்குள் போய்விட்டது. அதே வாரம் வடக்குத் தெருவில் ஒரு வீட்டில் மோதியது பிழைக்கவில்லை. கண்ணாடிக் கதவு, ஜன்னல் உள்ளவர்கள் வெளிப்பக்கம் இரண்டு அங்குல இடைவெளியில் புள்ளி புள்ளியாக ஒட்டுங்கள், சுண்ணாம்பில் வைத்தாலும் போதும். ஒற்றைப் பருந்துப் படத்தை நடுவில் ஒட்டுவதால் பயனில்லை, அதைச் சுற்றி இருக்கும் இடம் பறவைக்குத் திறந்த வெளியாகத்தான் தெரியும். புரட்டாசிக்குள் ஒட்டிவிடுங்கள்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது. பொங்கல் கூட்டத்தில் ஒரு கேள்வி கேட்டேன்: நம் தெருவில் சிட்டுக்குருவி கடைசியாகக் கூடு கட்டியது எந்த வருஷம்? ஒருவர் ஓட்டு வீடுகளைப் பிரித்துக் காங்கிரீட் போட்டபோது என்றார். ஒருவர் மீட்டர்கேஜ் ரயிலை நிறுத்திய 2010க்கு முன்னேயே போய்விட்டது என்றார். இன்னொருவர் அதற்குப் பிறகும் பலசரக்குக் கடை வாசலில் அரிசி பொறுக்கியதைப் பார்த்தேன் என்று சத்தியம் செய்கிறார். ஆளுக்கொரு வருஷம். படத்துக்குப் பின்னால், மீட்டர் பெட்டி மேலே, ஓட்டு இடுக்கில் என்று நம்மோடு ஒரே கூரைக்குள் இருந்த பறவை, அது போன நாள் ஒருவருக்கும் தெரியவில்லை. சிட்டுக்குருவியைப் போய் யார் எழுதுவார்கள் என்று விட்டுவிட்டோம்.

இந்த வருஷத்து நோட்டுகளிலும் அதே குறை இருக்கிறது. புளியரைப் பக்கத் தோட்டத்தில் அத்திப்பழத்துக்கு மலபார் இருவாச்சி இறங்கியதைத் தேதி, நேரம், எத்தனை நிமிடம் இருந்தது என்றெல்லாம் எழுதியிருக்கிறோம். நல்லது, நானும் ஓடிப் போய்ப் பார்த்தேன். ஆனால் காகம், மைனா, தவிட்டுக்குருவி வரிசை பல நோட்டில் காலி. என் நோட்டே ஜூலையில் பத்தொன்பது நாள் வெறுமை. சாரலும் காற்றும் அடித்த நாட்கள், நான் வெளியே போகவில்லை. இன்றைக்கு அந்தப் பக்கத்தைப் பார்த்தால் பறவை வரவில்லையா, நான் பார்க்கவில்லையா என்று எனக்கே தெரியவில்லை. செயலாளராக இருந்துகொண்டு இப்படி விட்டதற்கு வருந்துகிறேன். பார்த்தும் ஒன்றும் வரவில்லை என்றால் ‘பதினைந்து நிமிடம் பார்த்தேன், ஒன்றும் இல்லை’ என்று எழுதுங்கள். அந்த வரிக்கு இருவாச்சிக்கு உள்ள மதிப்பு உண்டு. ஈபேர்ட் என்கிற பறவைப் பட்டியல் இணையதளத்தில் ஏற்றுகிறவர்களுக்குத் தெரியும், அடையாளம் தெரிந்த எல்லாப் பறவையையும் எழுதினீர்களா என்று கடைசியில் கேட்பார்கள். ஆமாம் என்று சொன்னால்தான், பட்டியலில் இல்லாத பறவை அன்றைக்குக் கண்ணில் படவில்லை என்று அடுத்தவர் எடுத்துக்கொள்ள முடியும்.

மயில் பற்றிப் புகார் நிறைய. கீரைப் பாத்தியைக் கொத்திவிடுகிறது என்கிறார்கள், உண்மைதான். வலை கட்டுங்கள், கணக்கில் எழுதவும் செய்யுங்கள், பத்து வருஷத்துக்கு முன் நம் தெருவுக்குள் மயில் வந்ததாக ஒரு நோட்டிலும் இல்லை. மின்கம்பிக்கு இடைஞ்சல் என்று பங்குனியில் கொண்டைக்குருவிக் கூட்டோடு மரக்கிளையை வெட்டிப் போட்டது பற்றிச் சம்பந்தப்பட்டவர்களிடம் நேரில் போய்ச் சொன்னோம். குஞ்சு பறக்கும் வரை பொறுத்திருக்கலாம், இரண்டு வாரம்தான். அடுத்த முறை வெட்டும் முன் நம்மிடம் சொல்வதாக வாய்வார்த்தையாகச் சொல்லியிருக்கிறார்கள்.

2015ல் இருந்து தமிழ்நாட்டில் நடக்கும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பில் இந்த வருஷமும் கலந்துகொண்டோம். பிள்ளைகள்தான் அதிகம் வந்தார்கள். கரும்பைக் கடித்துக்கொண்டே செம்மார்புக் குக்குறுவான் எத்தனை என்று எண்ணினார்கள்.

புது நோட்டு மேஜை மேல் இருக்கிறது, வீட்டுக்கு ஒன்று. இந்த முறை காகம், மைனா, தவிட்டுக்குருவி, புறா, சிட்டுக்குருவி ஐந்தையும் முதல் ஐந்து வரியாக அச்சடித்தே கொடுத்திருக்கிறோம், எண்ணிக்கையை மட்டும் நீங்கள் போட்டால் போதும், இல்லை என்றால் சுழியம். மண்சட்டி வேண்டுபவர்கள் பொருளாளரிடம் பெயர் கொடுங்கள். பழைய நோட்டு இன்னும் இரண்டு வீட்டில் இருந்து வரவில்லை, ஞாயிற்றுக்கிழமைக்குள் கொடுத்துவிட்டால் சேர்த்துவிடுவேன். இப்போது பெரியம்மாவுக்காக எழுந்து நிற்போம்.