நாற்காலி போட்டவர்களுக்கும் புள்ளி வைத்தவருக்கும்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். மூன்று ஆண்டுகளாக நம் எழுத்துக் குழுவின் மாதக் கூட்டங்களை ஒருங்கிணைத்து வந்தேன். இந்த மாதத்தோடு பொறுப்பைக் கைமாற்றுகிறேன். கூட்டம் முடியும்போது நன்றியுரை என்று எழுந்தால் பாதிப் பேர் பையைத் தோளில் மாட்டியிருப்பார்கள். அதனால்தான் இந்த மடல். யார் பெயரையும் எழுதவில்லை. எழுதினால் எப்படியும் ஒருவர் பெயர் விட்டுப்போகும். அவர் ஆறு மாதம் என்னோடு பேசமாட்டார். அவரவரை அவரவருக்குத் தெரியும்.

முதலில் நூலகருக்கு. மாடி அறையின் சாவியை எங்களை நம்பிக் கொடுத்தவர் அவர். "ஏழு மணிக்குப் பூட்டிடணும்" என்று ஒவ்வொரு மாதமும் சொன்னார். ஒவ்வொரு மாதமும் ஏழரை ஆனது. அடுத்த மாதமும் சாவி கிடைத்தது. நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, முடிந்ததும் பழையபடி வரிசையாக அடுக்கிய மூன்று கல்லூரி மாணவர்களுக்கு நன்றி. கதைகளை ஒரு வாரம் முன்பே வாங்கி, நகலெடுத்து, பக்க எண் போட்டு, வாட்ஸாப்பில் இரண்டு முறை நினைவூட்டி, "ஆயிரத்தைந்நூறு சொல்லுக்கு மேல் போனால் வாங்கமாட்டேன்" என்று கண்டிப்பாக இருந்த அக்காவுக்கு நன்றி. என் கதையையே ஒருமுறை திருப்பி அனுப்பினார். அப்போது கோபம் வந்தது. முந்நூறு சொல்லை வெட்டியபின் கதை நன்றாகிவிட்டது என்பதை இன்றுவரை அவரிடம் நான் ஒப்புக்கொண்டதில்லை. இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

பேச வந்தவர்களில் மூன்று நான்கு பேரையாவது தனியாகச் சொல்லியாக வேண்டும். மெய்ப்புத் திருத்துநர் ஒருவரை அழைத்தபோது "இலக்கணப் பாடமா?" என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. அவர் பலகையில் 'வேலை கொடு', 'வேலைக் கொடு' என்று இரண்டே வரி எழுதினார். ஒன்று வேலை கேட்கிறது, மற்றது முருகனிடமிருந்து வேலைப் பிடுங்குகிறது என்றார். 'தந்த பலகை' யாரோ கொடுத்தது, 'தந்தப் பலகை' யானையிடமிருந்து வந்தது. ஒற்றுப் போடுவது அலங்காரம் அல்ல, அதில் பொருளே மாறும் என்பது அன்றைக்குத்தான் பலருக்கு உறைத்தது. அதன்பின் வந்த கதைகளில் ஒற்றுப்பிழை குறைந்தது. சிலர் பயத்தில் வேண்டாத இடத்திலும் போடத் தொடங்கினார்கள், அது வேறு கதை.

வானொலி நாடகம் எழுதியவர் ஒரு சோதனையைக் கற்றுக்கொடுத்தார். உரையாடலிலிருந்து 'என்றான்', 'என்றாள்' எல்லாவற்றையும் எடுத்துவிட்டு வாசிக்கச் சொன்னார். பேசுவது யார் என்று தெரியவில்லை என்றால் அங்கே ஒரே ஆள்தான் பேசிக்கொண்டிருக்கிறான், அது எழுதியவன். அன்று மாலை வாசித்த ஐந்து பேரும் தோற்றோம். தன்மை ஒருமையில் சொல்லும் கதையில் 'என் முகம் சிவந்தது' என்று எழுதிய நண்பரிடம் "தன் முகம் தனக்கு எப்படித் தெரியும், கையில் கண்ணாடி வைத்திருந்தாரா?" என்று கேட்ட சிறுகதையாசிரியரையும் மறக்க முடியாது. பார்வைக் கோணம் பற்றி ஒரு மணி நேரம் விளக்கினார். எங்களுக்கு நின்றது அந்தக் கண்ணாடிதான். மொழிபெயர்ப்பாளர் பேசிய அன்று மின்சாரம் போய்விட்டது. கைப்பேசி வெளிச்சத்தில் பேசி முடித்தார். என்ன பேசினார் என்பதைவிட இருட்டில் யாரும் எழுந்து போகவில்லை என்பதுதான் எனக்கு நினைவிருக்கிறது.

எனக்கு உள்ளுக்குள் ஏதோ மாறியது தமிழாசிரியர் ஒருவர் நூல் அரங்கேற்றம் பற்றி, அதாவது புது நூலை அவையில் படித்துக் காட்டும் பழைய வழக்கம் பற்றி, பேசிய கூட்டத்தில். தொல்காப்பியத்துக்குப் பனம்பாரனார் எழுதிய பாயிரத்தை, நூலின் முன்னுரையை, எடுத்துக்கொண்டார். நிலந்தருதிருவிற் பாண்டியன் அவையத்தில் அதங்கோட்டாசான் என்ற ஆசிரியருக்கு 'அரில்தபத் தெரிந்து', அதாவது குற்றமற எடுத்துக்காட்டி, நூல் சொல்லப்பட்டதாம். நச்சினார்க்கினியர் உரையில் வரும் கதையையும் சொன்னார். அகத்தியருக்குத் தொல்காப்பியர்மேல் கோபம்; அவர் நூலைக் கேட்காதே என்று அதங்கோட்டாசானைத் தடுக்கிறார். இரண்டு பக்கத்தையும் பகைத்துக்கொள்ள முடியாத ஆசான், கேட்டுக்கொண்டே குற்றம் சொல்லி விடலாம் என்று நினைக்கிறார். அவர் எழுப்பிய வினாவுக்கெல்லாம் விடை வந்துவிடுகிறது. எழுதியவர் பெயரோடு உட்கார்ந்து கேட்டவர் பெயரும் பாயிரத்தில் நிற்கிறது, பார்த்தீர்களா என்றார் தமிழாசிரியர். நம் குழுவில் எழுதியவர்களுக்குக் கைதட்டினோம், பேசியவர்களுக்குத் துண்டு போர்த்தினோம். கேட்டவர்களுக்கு என்ன செய்தோம் என்று அன்று இரவு யோசித்தேன்.

யோசிக்கக் காரணமும் இருந்தது. நான் ஒழுங்காகக் கேட்காத ஒரு கூட்டம் அதற்கு முன்பே நடந்திருந்தது. வாசித்த பெண்ணுக்கு அது முதல் கதை. எழுதியவர் வாய் திறக்கக் கூடாது, மற்றவர்கள் பேசலாம் என்பது அப்போது நம் விதி. 1936-இல் அமெரிக்காவில் தொடங்கிய அயோவா எழுத்துப் பட்டறையின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் பழக்கம் அது. அந்தப் பெண் பதில் சொல்ல முடியாது என்ற தைரியத்தில் நான் பேசினேன். "இது கதை இல்லை, நாட்குறிப்பு" என்றேன். சிலர் சிரித்தார்கள். அவள் தாள்களை மடித்துப் பைக்குள் வைத்தாள். அடுத்த நான்கு கூட்டங்களுக்கு வரவில்லை.

அவளிடம் பேசி மறுபடி அழைத்து வந்தவருக்கு இந்த மடலில் பெரிய நன்றி. என்னிடம் வந்து, "நீங்க கதையப் பத்திப் பேசல சார், உங்களப் பத்திப் பேசினீங்க" என்று முகத்துக்கு நேரே சொன்னவரும் அவர்தான். நடனக் கலைஞர் லிஸ் லெர்மன், படைப்புகளுக்கு விமர்சனம் சொல்ல 1990-இல் வகுத்த முறையை அச்செடுத்துக் கொண்டுவந்து கொடுத்தார். அதில் முதலில் கேட்டவர்கள் தங்களுக்கு எது தைத்தது என்று சொல்ல வேண்டும். பிறகு படைத்தவர் தன் சந்தேகங்களைக் கேட்பார். அதற்குப் பிறகு மற்றவர்கள் கேட்கலாம், ஆனால் கேள்விக்குள் கருத்தை ஒளித்து வைக்கக் கூடாது. 'முடிவை ஏன் இவ்வளவு செயற்கையாக வைத்தீர்கள்?' செல்லாது, 'முடிவில் வாசகர் என்ன உணர வேண்டும் என்று நினைத்தீர்கள்?' செல்லும். கடைசியாகத்தான் அபிப்பிராயம், அதுவும் "சொல்லட்டுமா?" என்று அனுமதி வாங்கிக்கொண்டு. இரண்டு மாதம் நாடகம் போல இருந்தது. "சொல்லட்டுமா?" என்று கேட்டதற்கு ஒருவர் "வேண்டாம்" என்று சொன்ன நாளில்தான் முறை பிடிபட்டது. அந்தப் பெண் இப்போது ஐந்து கதை எழுதிவிட்டாள். நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன் என்பதையும் அன்று சிரித்தவர்களுக்காக இங்கே எழுதி வைக்கிறேன்.

இனி ஜன்னலோரம் உட்காரும் ஐயாவுக்கு. மூன்று ஆண்டில் அவர் ஒரு வரி எழுதிக் கொண்டுவந்ததில்லை. கேட்டால் "எனக்கு எழுத வராது தம்பி, படிக்க வரும்" என்பார். ஒரு கூட்டத்தையும் தவறவிட்டதில்லை. நகலைக் கையில் வைத்துக்கொண்டு, கேட்கக் கேட்க ஓரத்தில் பென்சிலால் புள்ளி வைப்பார். கவனம் எங்கே சிதறியதோ அங்கே ஒரு புள்ளி. காரணம் சொல்லமாட்டார், திருத்தம் சொல்லமாட்டார். "இங்க கொஞ்சம் ஜன்னல் வெளிய பாத்துட்டேன்" என்று மட்டும் சொல்லித் தாளைத் திருப்பிக் கொடுப்பார். புள்ளி விழுந்த இடங்களை வீட்டில் எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் நாம் மிகவும் ரசித்து எழுதிய பத்தியாக இருக்கும். அழகான மழை வர்ணனை, தத்துவம், பாத்திரத்தின் குடும்ப வரலாறு. நாங்கள் சிலர் அவருக்கு அதங்கோட்டாசான் என்று பெயர் வைத்தோம். அவருக்குத் தெரியாது என்று நினைத்தோம். ஒருநாள் தாமதமாக வந்தவர் வாசலில் நின்று, "ஆசான் உள்ள வரலாமா?" என்று கேட்டார்.

இந்த மடலின் முதல் வடிவத்தையும் அவரிடம்தான் கொடுத்தேன். மூன்று புள்ளிகளோடு திரும்பி வந்தது. இரண்டு இடங்களை எடுத்துவிட்டேன். மூன்றாவது புள்ளி நாற்காலி, நகல், சாவி பற்றிய பத்தியில். ஐயா மன்னிக்க வேண்டும், அது இருக்கட்டும். அடுத்த மாதமும் நாற்காலி போட ஆள் வேண்டும்.

அன்புடன்,
சாவியைத் திருப்பிக் கொடுக்கும் ஒருங்கிணைப்பாளர்